ஃப்ளையிங் கிளப்பில் யார் தேதி எப்போது முடிகிறது? கண்காணிக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

நான்கு விமானங்களும் நாற்பது உறுப்பினர்களும் உள்ள ஒரு ஃப்ளையிங் கிளப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை காலை ஓர் உறுப்பினர் சாவியை எடுத்துக்கொண்டு விமானக் கொட்டகையான ஹேங்கருக்குப் போகிறார். இன்றைய தேதியில் அவர் சட்டப்படி பறக்கலாமா? இதற்கு அரை நிமிடத்தில் பதில் சொல்லும் கிளப்புகள் உண்டு. செயலாளருக்குப் போன் போட்டு, அவர் பழைய மின்னஞ்சல்களைத் துழாவி, கடைசியில் "இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்" என்று சொல்லும் கிளப்புகளும் உண்டு. இரண்டாவது வகையைச் சேர்ந்த செயற்குழு ஒன்று "இனி ஒழுங்காகக் கண்காணிப்போம்" என்று தீர்மானம் போட்டுவிட்டு எந்த முறையைத் தேர்ந்தெடுக்கலாம் என்று யோசிக்கும்போது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். விதிகள் எல்லாம் அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் விதிகள். வேறு நாடுகளில் காலக்கெடுக்கள் வேறு.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினைந்து பேருக்குள் இருந்தால் சரியாக அமைத்த ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போதும். அதற்கு மேல் போனால், தேதி முடிந்த உறுப்பினரை முன்பதிவு செய்யவே விடாத மென்பொருள் வேண்டும். எந்த முறையானாலும் பயணிகளை ஏற்றுவதற்கான தொண்ணூறு நாள் கணக்கைக் கிளப் தன் தலையில் போட்டுக்கொள்ளக் கூடாது. இந்த மூன்றாவது கருத்தோடு பலர் சண்டைக்கு வருவார்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

எது முடியும், எது முடியாது

முறைகளை ஒப்பிடுவதற்கு முன் எதைக் கண்காணிக்கப் போகிறோம் என்பது தெளிவாக வேண்டும். கிளப்புகள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். "விமானி உரிமம்: காலாவதித் தேதி" என்று ஒரு கட்டத்தைப் போட்டுவிட்டு அதில் எதை நிரப்புவது என்று தெரியாமல் விழிக்கிறார்கள். எஃப்ஏஏ தரும் தனியார் விமானிச் சான்றிதழுக்கு முடிவுத் தேதியே கிடையாது. அதைக் கொண்டு பறக்கும் தகுதிதான் வந்துவந்து போகும்.

அந்தத் தகுதியின் முதல் தூண் ஃப்ளைட் ரிவியூ. 24 காலண்டர் மாதங்களுக்கு ஒரு முறை, குறைந்தது ஒரு மணி நேரம் தரையிலும் ஒரு மணி நேரம் வானிலும் பயிற்றுநருடன் செலவிட்டு, அவர் விமானியின் பறப்புப் பதிவேடான லாக்புக்கில் ஒப்பமிட வேண்டும். காலண்டர் மாதம் என்பதைக் கவனியுங்கள். 2024 மார்ச் 5 அன்று ரிவியூ முடித்தவருக்கு 2026 மார்ச் 31 வரை செல்லும். மார்ச் 5-ஓடு முடிந்துவிட்டது என்று அவரைத் தடுத்தால் கிளப் சட்டத்தைவிடக் கடுமையாகிவிடுகிறது. அதில் தவறில்லை, ஆனால் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும்.

ஃப்ளைட் ரிவியூவைப் பற்றி இன்னொரு விஷயமும் உண்டு. அதை யாரும் எஃப்ஏஏவுக்குத் தெரிவிப்பதில்லை. லாக்புக்கில் உள்ள அந்த நாலு வரி ஒப்பம்தான் ஒரே சான்று. அதைவிட்டால் கிளப் தேடிப் பார்க்க வேறு இடமே இல்லை. போதாக்குறைக்கு, "ஃப்ளைட் ரிவியூ" என்ற பெயரே இல்லாமலும் இந்தக் கடிகாரம் புதிதாக ஓடத் தொடங்கும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான கூடுதல் தகுதியான இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குக்கான செய்முறைத் தேர்வில் ஒருவர் தேறினால் அன்றிலிருந்து புதிய 24 மாதம். எஃப்ஏஏவின் விங்ஸ் என்ற தொடர்பயிற்சித் திட்டத்தில் ஒரு கட்டத்தை முடித்தாலும் அப்படியே. பதிவேட்டில் ஃப்ளைட் ரிவியூ என்ற ஒரு கட்டம் மட்டும் இருந்தால், போன மாதம்தான் தேர்வில் தேறிய விமானி அதில் காலாவதி என்று சிவப்பாகத் தெரிவார். சட்டப்படி அவரிடம் ஒரு குறையும் இருக்காது. இப்படி இரண்டு முறை பொய்ச் சிவப்பு காட்டிய பட்டியலை அதன் பிறகு யாரும் மதிப்பதில்லை.

இரண்டாவது தூண் மருத்துவம். இதில்தான் கணக்கு கொஞ்சம் குசும்பு செய்யும். சொந்தப் பறப்புக்குப் போதுமான மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ், பரிசோதனை நாளன்று 40 வயது நிறையாதவருக்கு 60 காலண்டர் மாதங்கள் செல்லும், நிறைந்தவருக்கு 24. பரிசோதனை நாளன்று என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். நாற்பதாவது பிறந்த நாளுக்கு ஒரு வாரம் முன்பு பரிசோதனை செய்துகொண்டவருக்கு முழு ஐந்து ஆண்டுகள் கிடைக்கும். நாற்பத்து மூன்று வயதிலும் அந்தச் சான்றிதழ் செல்லும். இன்றைய வயதை வைத்துக் கணக்கிடும் ஸ்ப்ரெட்ஷீட் அவரை அநியாயமாகத் தரையில் உட்கார வைத்துவிடும்.

முதல் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் இன்னும் சிக்கல். ஒரே காகிதத்துக்குள் பல முடிவுத் தேதிகள். இரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வைத்திருக்கும் 45 வயது உறுப்பினருக்கு, வணிக விமானியாகப் பறக்க 12 மாதம். அதன் பிறகு அது தானாகவே மூன்றாம் வகுப்பின் வேலையைச் செய்யும், 24 மாதம் முடியும் வரை. கிளப் விமானத்தைச் சொந்தப் பொழுதுபோக்குக்கு ஓட்டுபவருக்கு அந்த இரண்டாவது தேதிதான் முக்கியம்.

2017 மே 1 முதல் இந்தச் சான்றிதழுக்கு மாற்றாக பேசிக்மெட் என்ற எளிய வழி வேறு வந்துவிட்டது. இதில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன, இரண்டும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. இணையவழி மருத்துவப் பாடம் 24 காலண்டர் மாதங்களுக்கு ஒரு முறை. அது மாதக் கடைசி வரை செல்லும். மருத்துவரிடம் செய்துகொள்ளும் பரிசோதனை 48 மாதங்களுக்கு ஒரு முறை. அது நாள் கணக்கு, மாதக் கடைசிச் சலுகை இல்லை. இவற்றோடு ஓட்டுநர் உரிமமும் நடப்பில் இருக்க வேண்டும். ஒரு மனிதருக்கு மூன்று தேதிகள், இரண்டு வகைக் கணக்கு. "மருத்துவம்: முடிவுத் தேதி" என்ற ஒற்றைக் கட்டத்தில் இதை எப்படி அடைப்பது? 2025 அக்டோபர் 22 முதல் எஃப்ஏஏவின் மொசைக் என்ற விதிகளின்படி, எளிய விமானங்களுக்கான ஸ்போர்ட் பைலட் உரிமைகள் விரிந்து, சாதாரண நான்கு இருக்கை விமானங்கள் பலவும் அந்த வரம்புக்குள் வந்துவிட்டன. அதனால் ஓட்டுநர் உரிமத்தை மட்டுமே மருத்துவத் தகுதியாகக் காட்டும் உறுப்பினர்களும் இனிச் சேரக்கூடும்.

பயிற்றுநர்களின் கணக்கும் மாறிவிட்டது. முன்பு அவர்களுடைய சான்றிதழில் 24 மாதத்துக்கு ஒரு காலாவதித் தேதி அச்சிட்டிருக்கும். 2024 டிசம்பர் 1 முதல் வழங்கும் சான்றிதழில் அது இல்லை. அதற்குப் பதில் சமீப அனுபவக் காலம் என்று ஒன்று வந்து, அதே 24 காலண்டர் மாதச் சுற்றில் ஓடுகிறது. அட்டையைப் பார்த்து தேதியை எழுதிக்கொள்ளும் பழக்கமுள்ள கிளப்புகள் இதைக் கவனிக்க வேண்டும். அட்டையில் இனித் தேதி இருக்காது.

நகர்ந்துகொண்டே இருக்கும் தேதிகள்

இதுவரை சொன்னவற்றுக்கு ஒரு பொதுக் குணம் உண்டு. ஒரு நாள் ஒரு நிகழ்வு நடக்கிறது, அதிலிருந்து எண்ணினால் முடிவுத் தேதி கிடைத்துவிடுகிறது. பயணிகளை ஏற்றிச் செல்வதற்கான 90 நாள் விதி அப்படிப்பட்டதல்ல. முந்தைய 90 நாட்களுக்குள் அதே வகை, அதே பிரிவு விமானத்தில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும்; இரவில் பயணிகளோடு பறப்பதானால் அந்த மூன்றும் இரவிலேயே, முழுவதுமாக நின்று, செய்ததாக இருக்க வேண்டும். வால்சக்கர விமானமானால் பகலிலும் முழுவதுமாக நிற்க வேண்டும்.

பலர் "கடைசியாகப் பறந்த நாள்" என்று ஒரு கட்டம் வைத்து அதோடு 90-ஐக் கூட்டுகிறார்கள். அது தவறு. ஒருவர் ஜூன் 1, ஜூன் 2, ஜூன் 20 ஆகிய நாட்களில் ஒவ்வொரு முறை இறங்கினார் என்று வைத்துக்கொள்வோம். பின்னிருந்து மூன்றாவது இறக்கம் ஜூன் 1. எனவே அவர் ஆகஸ்ட் 30 வரைதான் பயணிகளை ஏற்றலாம். கடைசி நாளோடு கூட்டினால் செப்டம்பர் 18 வரும். இடையில் உள்ள பத்தொன்பது நாளும் பட்டியல் பச்சை காட்டும், சட்டம் சிவப்பு காட்டும்.

சரி, இறக்கங்களை ஒவ்வொன்றாகப் பதிவோம் என்றால், யார் பதிவது? உறுப்பினர் தன் நண்பரின் விமானத்தில் இறங்கியது கிளப்புக்குத் தெரியாது. இருவர் சேர்ந்து பறந்தபோது கட்டுப்பாட்டைக் கையில் வைத்திருந்தவர் யார் என்பதும் தெரியாது. எஞ்சின் ஓடிய மணி நேரம்தான் கிளப்பின் கணக்கில் ஏறும். அந்த நேரத்தில் எத்தனை முறை இறங்கினார் என்பது ஏறாது. இன்ஸ்ட்ருமென்ட் தகுதியும் இதே ரகம்: ஆறு காலண்டர் மாதங்களுக்குள், கருவிகளைப் பார்த்து இறங்க வரும் அப்ரோச் ஆறு, வானில் வட்டமிட்டுக் காத்திருக்கும் ஹோல்டிங், பாதையை இடைமறித்துத் தொடர்தல். இவை அனைத்தும் விமானியின் லாக்புக்கில் மட்டுமே வாழும் விஷயங்கள்.

அதனால்தான் சொல்கிறேன், இந்த நகரும் தேதிகளைக் கிளப் கண்காணிக்க முயலவே வேண்டாம். பாதி விவரத்தை வைத்துக்கொண்டு பச்சை காட்டுவது, எதுவுமே காட்டாமல் இருப்பதைவிட மோசம். "கிளப்பின் கணினியே சரி என்றதே" என்று உறுப்பினர் தன் லாக்புக்கைத் திறக்காமல் போய்விடுவார். ஃபோர்ஃப்ளைட் போன்ற செயலிகளில் மின் லாக்புக் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் செயலியே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுகிறது. அது அவருடைய முழு லாக்புக்கைப் பார்த்துப் போடும் கணக்கு. கிளப்புக்கு இந்த விஷயத்தில் அக்கறை இருந்தால் தனக்கென ஒரு விதி வைத்துக்கொள்ளட்டும்: கிளப் விமானத்தில் 60 நாள் பறக்காதவர் பயிற்றுநரோடு ஒரு சுற்று போக வேண்டும் என்பது போல. கிளப் விமானம், கிளப் பதிவு. அந்தக் கணக்கு கிளப்பின் கையிலேயே இருக்கிறது.

அவரவர் பொறுப்பு

இனி முறைகள். முதலாவது, ஒன்றும் செய்யாமல் இருப்பது. "அந்தப் பறப்பின் தலைமை விமானியே எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்று சட்டமே சொல்கிறதே, கிளப் ஏன் அப்பா வேலை பார்க்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் ஒவ்வொரு பொதுக்குழுவிலும் இருப்பார்கள். சட்டத்தைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வது சரி. தன் சான்றிதழும் மருத்துவமும் ரிவியூவும் நடப்பில் இருப்பதை உறுதி செய்துகொள்ள வேண்டியவர் விமானிதான்.

ஆனால் விமானம் எல்லோருக்கும் சொந்தம். காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து விமானிகள் பற்றிய பிரிவைப் படித்துப் பாருங்கள். தகுந்த சான்றிதழும் நடப்பிலுள்ள மருத்துவமும் உடையவர் ஓட்டினால்தான் காப்பீடு செல்லும் என்ற பொருளில் ஒரு வாசகம் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். ஒருவருடைய மருத்துவம் இரண்டு வாரத்துக்கு முன் முடிந்திருக்க, அவர் இறங்கும்போது முன்சக்கரத்தை மடக்கிவிட்டால், இழப்பீட்டுக்காகக் காப்பீட்டு நிறுவனத்தோடு வழக்காடப் போவது எல்லா உறுப்பினர்களும்தான். அந்தப் பத்திரத்தைப் படித்தபிறகும் "அவரவர் பொறுப்பு" போதும் என்று செயற்குழு நினைத்தால் நினைக்கட்டும். நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு விமானம் வாங்கிய கூட்டில் அது போதவும் செய்யும்.

பதிவேடும் அறிவிப்புப் பலகையும்

சாவிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு பலகை, அதில் ஒவ்வொருவர் பெயரும் தேதிகளும். இதைக் கேலி செய்பவர்கள் உண்டு; நான் அந்தக் கட்சியில் இல்லை. சாவி எடுக்கும் இடத்திலேயே தகவல் கண்ணில் படுகிறது என்பது பெரிய பலம், பல மின்முறைகளுக்கு இல்லாத பலம். மறந்தவருக்கு அடுத்தவர் நினைவூட்டுவார். ஆனால் வீட்டிலிருந்தபடி முன்பதிவு செய்பவருக்குப் பலகை தெரியாது. புதிய தேதியை எழுத யாராவது ஹேங்கருக்குப் போக வேண்டும். தவிர, மற்றவர்களின் மருத்துவத் தேதியை எல்லோருக்கும் பார்க்கக் கொடுப்பது எல்லோருக்கும் பிடிக்காது. பலகை வைப்பதானால் "செல்லும்" என்ற ஒரு சொல்லும் எந்த மாதம் வரை என்பதும் இருந்தால் போதும்; எதனால் முடிகிறது என்பது வேண்டாம்.

ஸ்ப்ரெட்ஷீட்

காசு செலவில்லை, எல்லோருக்கும் தெரியும், இன்று மாலையே தொடங்கிவிடலாம். பெரும்பாலானவர்கள் இங்கேதான் வந்து நிற்பார்கள், அதனால் இதைச் சற்று விரிவாகவே பார்க்கலாம். நன்றாக அமைத்தால் மிக நல்ல கருவி. ஏனோதானோவென்று அமைத்தால் பொய்ப் பச்சை காட்டுவதில் இதை மிஞ்ச ஆளில்லை.

முதல் விதி: முடிவுத் தேதியைக் கையால் எழுதாதீர்கள். நிகழ்வு நடந்த தேதியை எழுதுங்கள். முடிவுத் தேதியைச் சூத்திரம் கணக்கிடட்டும். ரிவியூ நடந்த நாள், பரிசோதனை நடந்த நாள், பாடம் முடித்த நாள். இவை காகிதத்தில் இருப்பவை, யாரும் மறுக்க முடியாதவை. முடிவுத் தேதியை ஒவ்வொருவரும் மனக்கணக்காகப் போட்டு எழுதினால், ஒருவர் மாதக் கடைசி என்பார், இன்னொருவர் அதே நாள் என்பார், மூன்றாமவர் மருத்துவ வகுப்பைக் குழப்பிக்கொள்வார். பேசிக்மெட் போல நாளை ஒரு புதிய விதி வந்தாலும், சூத்திரத்தை ஓரிடத்தில் மாற்றினால் எல்லா வரிகளும் சரியாகிவிடும்.

எக்செல்லிலும் கூகுள் ஷீட்ஸிலும் ஈஓமன்த் (EOMONTH) என்றொரு ஃபங்ஷன் இருக்கிறது. நிகழ்வுத் தேதியையும் 24 என்ற எண்ணையும் கொடுத்தால் இருபத்து நான்கு மாதம் தள்ளி, அந்த மாதத்தின் கடைசி நாளைத் தரும். காலண்டர் மாதக் கணக்குக்கு அளந்து தைத்தது போன்றது. 2024 மார்ச் 5-ஐக் கொடுத்துப் பார்த்து 46112 என்று ஓர் ஐந்திலக்க எண் வந்தால் பதற வேண்டாம். கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் 2026 மார்ச் 31 என்று தெரியும். பேசிக்மெட் பரிசோதனைக்கு மட்டும் இதைப் பயன்படுத்தக் கூடாது, அது நாள் கணக்கு. அதற்கு ஈடேட் (EDATE) என்ற ஃபங்ஷனும் 48-உம். மருத்துவத்துக்குப் பிறந்த தேதி ஒரு கட்டம், பரிசோதனை தேதி ஒரு கட்டம். இரண்டுக்கும் உள்ள இடைவெளி 40 ஆண்டு ஆகிவிட்டதா என்று பார்த்து 24 அல்லது 60-ஐ எடுக்கும்படி சூத்திரம் எழுத வேண்டும். இன்றைய தேதி இந்தக் கணக்குக்குள் எங்கும் வரக் கூடாது.

இன்னொரு கண்ணி தேதியின் வடிவம். நம்மில் பலருக்கு 5/3/2024 என்றால் மார்ச் 5. அமெரிக்க அமைப்பில் உள்ள ஷீட்டுக்கு அது மே 3. அது ஒரு முறைப்பும் காட்டாமல் ஏற்றுக்கொண்டு, மார்ச் 31-இல் முடிய வேண்டிய ரிவியூவை மே 31 வரை இழுத்துவிடும். இரண்டு மாதப் பொய்ப் பச்சை. 25/3/2024 என்று எழுதினாலோ இருபத்தைந்தாவது மாதம் இல்லாததால் அதைத் தேதியாகவே கொள்ளாமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டு கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிவிடும். வரிசையில் ஒரு தேதி மட்டும் இடப்பக்கம் ஒதுங்கி நின்றால் இதுதான் காரணம். மாதத்தை எழுத்தில் எழுதும் வடிவத்தை முதல் நாளே கட்டாயமாக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும் ஸ்ப்ரெட்ஷீட்டுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. அது யாரையும் தடுப்பதில்லை. சிவப்பாகத் தன்பாட்டில் இருக்கும். அதை ஒருவர் திறந்து பார்த்து, உரியவரை அழைத்து, "அடுத்த வாரம் எடுத்த முன்பதிவை ரத்து செய்யுங்கள்" என்று சொன்னால்தான் பயன். பத்துப் பேருக்கு இதை ஒருவர் மாதம் ஒருமுறை உட்கார்ந்து செய்துவிடலாம். நாற்பது பேருக்கு, ஆளுக்கு மூன்று நான்கு தேதிகள் என்றால், சம்பளம் வாங்காத ஒருவர் இதை ஆண்டுக்கணக்கில் விடாமல் செய்வார் என்று நம்புவது கடினம். அவர் விடுமுறைக்குப் போகும் மாதத்தில்தான் இரண்டு பேருடைய மருத்துவம் முடியும்.

கூகுள் காலண்டரில் நினைவூட்டல்கள் போடும் வழியும் உண்டு. ஸ்ப்ரெட்ஷீட்டுக்குத் துணையாக இருக்கட்டும். அதையே முறையாகக் கொள்ள வேண்டாம். ஒருவர் முன்கூட்டியே ரிவியூவை முடித்துவிட்டால் பழைய நினைவூட்டல் அப்படியே கிடக்கும், யாரும் நீக்க மாட்டார்கள், ஒரு கட்டத்துக்கு மேல் எல்லோரும் எல்லாவற்றையும் தள்ளிவிடப் பழகிவிடுவார்கள்.

முன்பதிவு மென்பொருள்

ஃப்ளைட் சர்க்கிள், ஸ்கெட்யூல் மாஸ்டர், ஃப்ளைட் ஸ்கெட்யூல் ப்ரோ என்று பல சேவைகள் இருக்கின்றன. கிளப் ஏற்கெனவே இவற்றில் ஒன்றில் விமானத்தை முன்பதிவு செய்துவந்தால், தேதிக் கண்காணிப்புக்கு வேறெங்கும் போக வேண்டாம். அதே சேவையின் அமைப்புப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். இதன் பலம் ஒன்றே ஒன்று, அது பெரிய பலம்: விமானத்தைக் கேட்கும் அதே நொடியில் தேதியும் சரிபார்க்கப்படுகிறது. யாரும் யாரையும் அழைத்து சங்கடமான பேச்சுப் பேச வேண்டியதில்லை. பத்து ஆண்டு மூத்த உறுப்பினரிடம், அதுவும் கிளப்பின் முன்னாள் தலைவரிடம், "உங்கள் மருத்துவம் முடிந்துவிட்டது சார்" என்று சொல்லும் வேலையைக் கணினி ஏற்றுக்கொள்கிறது.

வாங்குவதற்கு முன் விற்பவரின் அறிமுகக் காணொளியை நம்பாமல் சில சோதனைகளைச் செய்துபாருங்கள். சோதனைக் காலத்தில் போலியாக ஓர் உறுப்பினரை உருவாக்கி, அவருடைய மருத்துவம் இந்த மாதக் கடைசியில் முடிவதாகப் போட்டு, அடுத்த மாதம் இருபதாம் தேதிக்கு முன்பதிவு செய்ய முயலுங்கள். மென்பொருள் அனுமதித்தால் அது முன்பதிவு செய்யும் நாளைத்தான் பார்க்கிறது, பறக்கும் நாளைப் பார்க்கவில்லை என்று பொருள். அப்படியானால் அதன் தடை ஓட்டை விழுந்த தடை. அடுத்து, அதே போலி உறுப்பினரின் ஃப்ளைட் ரிவியூ தேதியை நேற்றே முடிந்ததாக மாற்றிவிட்டு, பயிற்றுநருடன் முன்பதிவு செய்ய முடிகிறதா என்று பாருங்கள். முடிய வேண்டும். ஃப்ளைட் ரிவியூ காலாவதியானவர் அதைப் புதுப்பிக்கவே விமானம் வேண்டுமல்லவா? தனியாகப் பறப்பதைத் தடுத்து, பயிற்றுநரோடு பறப்பதை அனுமதிக்கும் வேறுபாடு தெரியாத மென்பொருளில், பயிற்றுநர் தன் பெயரில் முன்பதிவு செய்து கொடுப்பார், பதிவுகளில் யார் ஓட்டியது என்பதே குழம்பிப் போகும்.

மூன்றாவது சோதனை, தேதியை யார் மாற்றலாம் என்பது. உறுப்பினரே தன் தேதியைப் போட்டு, அது உடனே பச்சையாகிவிடும் என்றால், அது வண்ணம் பூசிய "அவரவர் பொறுப்பு"தான். உறுப்பினர் உள்ளிட வேண்டும், கிளப்பின் சார்பில் ஒருவர் காகிதத்தைப் பார்த்து ஒப்ப வேண்டும், ஒப்பும் வரை பழைய தேதியே நிற்க வேண்டும். இந்த வசதி இல்லாவிட்டால் உள்ளிடும் உரிமையை நிர்வாகிகளுக்கு மட்டும் கொடுங்கள். கடைசியாக, எல்லா விவரங்களையும் ஒரு கோப்பாக இறக்கிக்கொள்ள முடிகிறதா என்றும் பாருங்கள். சேவையை மாற்றும் நாள் என்றோ ஒரு நாள் வரும்.

பலவீனங்களும் உண்டு. மாதாமாதம் கட்டணம், இரண்டு விமானம் வைத்திருக்கும் சின்ன கிளப்புக்கு அது உறுத்தும். விதி மாறும்போது மென்பொருள் உடனே மாறும் என்று சொல்ல முடியாது. பயிற்றுநருக்குக் காலாவதித் தேதி கட்டாயம் என்று கேட்கும் படிவம் இன்னும் எங்காவது இருக்கலாம். முடிவுத் தேதியை நேரடியாகக் கேட்கும் மென்பொருளில் மேலே சொன்ன நாற்பது வயதுக் கணக்கை ஒப்புபவரே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்கு அந்தப் பழைய ஸ்ப்ரெட்ஷீட்டையே கணக்குப் பலகையாக வைத்துக்கொள்ளலாம்.

"நானே எழுதித் தருகிறேன்" என்று முன்வரும் மென்பொருள் பொறியாளர் ஒருவராவது ஒவ்வொரு கிளப்பிலும் இருப்பார். தமிழர்கள் உள்ள கிளப்பானால் நிச்சயம் இருப்பார். நன்றாகவே எழுதுவார். ஆனால் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டால் அந்தச் செயலி அநாதையாகிவிடும். அவருடைய உழைப்பை ஸ்ப்ரெட்ஷீட்டின் சூத்திரங்களைச் சரிபார்ப்பதில் செலவிடச் சொல்லுங்கள்.

எதைச் சேமிப்பது, யார் சரிபார்ப்பது

மருத்துவச் சான்றிதழின் படத்தைக் கிளப் சேமிக்கத் தேவையில்லை. அந்தக் காகிதத்தில் பிறந்த தேதி, முகவரி, உயரம், எடை, கண்ணின் நிறம், கண்ணாடி அணிய வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகள் எல்லாம் இருக்கும். கிளப்புக்கு வேண்டியது வகுப்பும் பரிசோதனை தேதியும், நாற்பது வயதுக் கணக்குக்காகப் பிறந்த தேதியும்தான். "பார்த்தவர் யார், பார்த்த நாள் எது" என்று இரண்டு குறிப்புகள் போதும். நாற்பது பேருடைய மருத்துவக் காகிதங்களை யாரோ ஒருவரின் மின்னஞ்சல் பெட்டியில் குவித்து வைத்திருப்பது வேண்டாத சுமை. எஃப்ஏஏவின் பொதுத் தேடல் பக்கத்தில் விமானியின் பெயரைப் போட்டால் சான்றிதழ், ரேட்டிங், மருத்துவ வகுப்பு, அது எந்த மாதத்தது, பேசிக்மெட் தேதிகள் ஆகியவை தெரியும். சந்தேகம் வந்தால் ஒத்துப்பார்க்க இது நல்ல இடம். ஃப்ளைட் ரிவியூ மட்டும் அங்கே இருக்காது. அதற்கு லாக்புக்கின் ஒப்பத்தைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

விமானத்தின் காலக்கெடுக்களை, அதாவது ஆண்டுப் பரிசோதனை, ரேடாருக்குப் பதில் அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியின் சோதனை போன்றவற்றை, இதே பட்டியலில் கலக்க வேண்டாம். அவற்றைப் பார்ப்பவர் வேறு, தேதி தவறினால் நிறுத்த வேண்டியதும் வேறு.

முடிவெடுக்கும்போது

பதினைந்து என்ற எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பன்னிரண்டு பேர் இருந்தும் அதில் நாலு பேர் பேசிக்மெட், இரண்டு பேர் பயிற்றுநர், ஒருவர் ஓட்டுநர் உரிமத்தில் பறப்பவர் என்றால் நான் மென்பொருள் பக்கமே சாய்வேன். இருபத்தைந்து பேர் இருந்தும் எல்லோரும் ஒரே நாளில் ஒரே பயிற்றுநரிடம் ஆண்டுச் சோதனை முடிக்கும் வழக்கம் உள்ள கிளப்பில் ஸ்ப்ரெட்ஷீட்டே ஓடும். இப்போது எதுவுமே இல்லாத கிளப், மென்பொருளைத் தேடிக்கொண்டிருக்கும் நேரத்தில் இந்த வாரமே ஸ்ப்ரெட்ஷீட்டைத் தொடங்கிவிடலாம். நிகழ்வுத் தேதிகளைத்தானே சேகரிக்கிறோம், எந்த மென்பொருளுக்கும் அவற்றைக் கொண்டுபோகலாம்.

தொடங்கும்போது எல்லோரையும் ஒரே நாளில் தடுத்துவிடாதீர்கள். முதல் மாதம் எச்சரிக்கை மட்டும் காட்டட்டும்; பொய்ச் சிவப்புகள் எல்லாம் அப்போது வெளியே வந்துவிடும், திருத்திக்கொள்ளலாம். இரண்டாம் மாதத்திலிருந்து தடை. மருத்துவரின் நேரம் கிடைக்கவே வாரக்கணக்காகலாம் என்பதால் முதல் நினைவூட்டல் 60 நாள் முன்பே போகட்டும், பிறகு 30, பிறகு 7.

விதிவிலக்கு கேட்பவர்கள் கட்டாயம் வருவார்கள்: "ரிவியூ நேற்றே முடிந்துவிட்டது, பதிவேற்றத்தான் நேரமில்லை." தடையை நீக்க இருவர் ஒப்ப வேண்டும் என்று வையுங்கள், காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும் என்றும் வையுங்கள். லாக்புக் ஒப்பத்தின் படத்தைக் காட்டினால் ஐந்து நிமிட வேலை. தேதிகளை ஒப்பும் நிர்வாகியும் ஒரு விமானிதான். அவருடைய சொந்தத் தேதிகளை ஒப்பும் உரிமை இன்னொருவரிடம் இருக்க வேண்டும், மென்பொருளின் அமைப்பில் அதை முதல் நாளே பூட்டிவிடுங்கள்.